சிரித்துக்கொண்டே போட்ட ஊசி

புதிதாகப் பணியில் சேர்ந்திருக்கும் டாக்டர் பிள்ளைகளே, உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னையும் சேர்த்துவிட்டு, "மேடம், உங்க கைராசியோட ரகசியத்தை எங்களுக்குக் கொஞ்சம் எழுதுங்க" என்று கேட்டிருக்கிறீர்கள். கைராசியாம்! முப்பத்து மூன்று வருடம் இந்தத் தேனி மாவட்டத்தில் மாட்டுக்குப் பின்னால் நின்றவள் நான். வாங்கிய உதையில் இடது முழங்கால் பெயர்ந்து, இன்றைக்கும் மேகம் கறுத்தால் எனக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடுகிறது. பிழைத்த மாட்டைப் பற்றி ஊர் பேசிக்கொண்டே இருக்கும். செத்ததைப் பற்றி நாமாக வாய் திறந்தால்தான் உண்டு. அதனால் கைராசியை விடுங்கள். நான் கொன்ற ஒரு நாயைப் பற்றிச் சொல்கிறேன்.

மடிநோய், கோமாரி, கன்று குறுக்கே கிடப்பது இதெல்லாம் உங்கள் புத்தகத்தில் என்னைவிட நன்றாக எழுதியிருக்கிறது. அங்கே இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

ஊர்ப் பெயர் வேண்டாம். ஓடைப்பட்டிப் பக்கம், திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன மருந்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எனக்குப் பத்து வருடம் ஓடியது. அந்தப் பத்து வருடத்தில் என் பொறுமையை அதிகம் சோதித்தவர் சுருளியப்பன் அண்ணன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இரண்டு ஏக்கர் பன்னீர் திராட்சை, இரண்டு கறவை மாடு, கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் ஒரே மகள். மகளுக்குப் பத்து வயது இருக்கும்போதே மனைவி தவறிவிட்டார். மாட்டைக் கூட்டி வந்தால் மனிதர் சும்மா நிற்க மாட்டார். கேள்வி கேட்பார். எல்லாக் கேள்வியும் "ஏன் டாக்டரம்மா" என்றுதான் ஆரம்பிக்கும்.

"ஏன் டாக்டரம்மா, மாட்டுக்கு மேல்வரிசையில முன்பல்லே இல்லையே, பொறப்பே அப்பிடியா?"

"ஏன் டாக்டரம்மா, எல்லா மாடும் அம்மான்னுதான கத்துது? கன்னுக்குட்டிக்கு மட்டும் அதோட ஆத்தா குரல் எப்பிடித் தெரியுது?"

"அண்ணே, மாட்டுக்கு ஊசி போடவா, உங்களுக்கு வகுப்பு எடுக்கவா?" என்பேன்.

"ரெண்டும் செய்யுங்க தாயி, ஆரு வேணாங்குறா?" என்பார். வரிசையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கெல்லாம் இந்த ஆள் என்றைக்கு வாயை மூடுவார் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

அவருடைய மகள் கார்த்திகா. கோயம்புத்தூரில் ஆசைப்பட்டு ஒரு லாப்ரடார் குட்டி வாங்கி வளர்த்தாள். நிறத்தைப் பார்த்து பிஸ்கட் என்று பெயர். வாடகை வீட்டுக்காரர் நாய் ஆகாது என்று நெருக்கவும், அழுதுகொண்டே கொண்டுவந்து அப்பாவிடம் விட்டுப் போனாள். சுருளியப்பன் அண்ணன் அதுவரைக்கும் நாயை வாசலுக்கு உள்ளே விட்டதில்லை. ஆறே மாதத்தில் அந்த நாய் அவருடைய கட்டிலில் படுத்தது; அவர் கீழே பாயில் படுத்தார். "பிஸ்கோத்து, பிஸ்கோத்து" என்று அவர் கூப்பிடுவது அடுத்த தோட்டம் வரைக்கும் கேட்கும்.

சம்பவம் நடந்தது அறுவடை நேரத்தில். பழம் பழுத்து நிற்கும்போது மழை அடித்தால் பன்னீர் திராட்சை வெடித்துவிடும் என்பது இந்தப் பக்கத்தில் வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பெண்கள் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து, குலையில் வெடித்த பழத்தையெல்லாம் கத்தரியால் கழித்துப் போடுவார்கள். கழித்த உதிரி கூடை கூடையாகக் கிடக்கும். அண்ணன் அதில் ஒவ்வொன்றாக எடுத்து மேலே வீசுவார். பிஸ்கட் எம்பி எம்பி வாயில் பிடிக்கும். இதை நானே ஒரு முறை பார்த்திருக்கிறேன், கைதட்டியும் இருக்கிறேன்.

ஒரு நாள் காலை எட்டரைக்கு நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். இரவிலிருந்து வாந்தி. வாந்தியில் திராட்சைத் தோல். அன்றைக்கு எனக்குப் பக்கத்து ஊரில் கோமாரித் தடுப்பூசி முகாம். ஜீப் வாசலில் நிற்கிறது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். வரிசையில் ஏழெட்டு மாடு. முகாமுக்கு மேலதிகாரி வருகிறார் என்று வேறு தகவல். நான் நாயின் வயிற்றை அமுக்கினேன். முனகியது. கழுத்துத் தோலைப் பிடித்து இழுத்து விட்டேன். மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறது, சலைன் ஏற்ற வேண்டும் என்று என் விரலுக்குத் தெரிந்தது. ஆனால் சலைன் ஏற்றினால் ஒன்றரை மணி நேரம் யாராவது கூடவே இருக்க வேண்டும்.

அப்போதுதான் அவர் கேட்டார்.

"ஏன் டாக்டரம்மா, எங்க கார்த்திகா போன்ல சொல்லுச்சு. திராட்சை நாய்க்கு ஆகாதாம், கிட்னியைப் பாதிக்குமாம், நெட்டுல போட்டிருக்காம். நேத்து ஒரு சட்டி உதிரி தின்னுருச்சு. அதனால இருக்குமோ?"

நான் சிரித்தேன். சிரித்தது மட்டுமா, வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். "அண்ணே, அப்பிடிப் பாத்தா இந்தப் பள்ளத்தாக்குல ஒரு நாய் உயிரோட இருக்கக் கூடாதே! எந்த நாய் இங்கன திராட்சை தின்னல? உங்க மகளை நெட்டை மூடி வச்சுட்டு வேலையைப் பாக்கச் சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கூச்சத்தோடு தலையைச் சொறிந்துகொண்டு, "அதான, நானும் அதைத்தான் சொன்னேன். சரி, ஒரு ஊசியப் போட்டு விடுங்க" என்றார்.

ஊசி. இது ஒரு வியாதி, நமக்கும் அவர்களுக்கும் சேர்த்து. ஊசி போடாத டாக்டரை இங்கே யாரும் டாக்டராக மதிப்பதில்லை. "சும்மா தொட்டுப் பாத்துட்டு அனுப்பிட்டாக" என்பார்கள். நானும் பழகிப்போயிருந்தேன். வாந்திக்கு ஒன்று போட்டேன். வயிறு வலிக்கிறதே என்று வலிக்கு ஒன்று போட்டேன். நீர் வற்றிக் கிடக்கிற நாயின் கிட்னியை அந்த வலி ஊசி என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியாததில்லை. கேட்டிருந்தால் தூக்கத்தில்கூட ஒப்பித்திருப்பேன். ஆனால் அப்போது யாரும் கேட்கவில்லை. கேட்ட ஒரே ஆளையும் நான் சிரித்து அடக்கியிருந்தேன். ஜீப்பில் ஏறிப் போய்விட்டேன்.

மறுநாள் மதியம் போன் செய்தார். "டாக்டரம்மா, வாந்தி நின்னுருச்சு. ஆனா நேத்திலிருந்து ஒண்ணுக்கே போகலை."

"தண்ணி குடிக்கலைல்லண்ணே, அதான். குடிச்சா வந்துரும்" என்றேன். போனை வைத்தும்விட்டேன்.

சாயங்காலம் வீட்டில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்தபோது அந்த வார்த்தை திரும்ப வந்தது. ஒண்ணுக்கே போகலை. டம்ளரை வைத்துவிட்டுப் போனில் தேடினேன். அவருடைய மகள் படித்ததும் அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எல்லா நாய்க்கும் ஆவதில்லை, எந்த நாய்க்கு ஆகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, சீக்கிரம் கவனித்து சலைன் ஏற்றினால் காப்பாற்றலாம் என்று அதில் தெளிவாக இருந்தது. நான் படித்த காலத்தில் இதெல்லாம் பாடத்தில் கிடையாது. அதை ஒரு சாக்காகச் சொல்லலாம். ஆனால் தெரியாதது தப்பில்லை பிள்ளைகளே. தெரியாததைச் சிரிப்பால் மூடினேனே, அதுதான் தப்பு. நம் ஊர் நாய்கள் பந்தலுக்குக் கீழே ஒன்றிரண்டு பொறுக்கித் தின்றுவிட்டுப் போகும். இது ஒரு சட்டி தின்ற நாய். அதைக்கூட யோசிக்கவில்லை.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தேன். நாய் பந்தலுக்குக் கீழே சாக்கில் கிடந்தது. என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டியது. பந்தல் கம்பியிலேயே, குலைகளுக்கு நடுவே சலைன் பாட்டிலைத் தொங்கவிட்டு ஏற்றினேன். அண்ணன் பாட்டிலைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. சிறுநீர் வரவே இல்லை.

ராத்திரி பஸ் பிடித்து, விடிந்ததும் கார்த்திகா வந்து சேர்ந்தாள். அவள் மடியில் தலையை வைத்துத்தான் பிஸ்கட் போனது. அப்புறம் நிமிர்ந்து என்னைக் கேட்டாள். "என்ன காரணம் மேடம்?"

"திராட்சைம்மா. கிட்னி போயிருச்சு" என்றேன்.

பொய் இல்லை. ஆனால் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டேன். மீதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவள் அப்பா பக்கம் திரும்பினாள். "ஏப்பா, நான்தான் போன்லயே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? நீ டாக்டர்கிட்டச் சொன்னியா இல்லையா? சொல்லியும் இவங்க பாக்காம விட்டிருந்தா நான் சும்மா விட மாட்டேன். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுப்பேன். சொல்லுப்பா!"

அவர் என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம், அவ்வளவுதான். அந்த ஒரு மூச்சு நேரத்தில் நான் பேசியிருக்கலாம். ஊரில் எத்தனையோ பேர் முன்னால் சிரித்த வாய்க்கு, அந்தப் பெண் ஒருத்தி முன்னால் திறக்க வலிமை இல்லை.

"இல்ல தாயி," என்றார். "சொல்லல. மறந்துட்டேன்."

"மறந்துட்டியா?"

"ஆமாத்தா. வேலை மும்மரத்துல மறந்துட்டேன்."

அவள் அவரை அடிக்காததுதான் பாக்கி. "நீயே ஊட்டிக் கொன்னுட்டியேப்பா!" என்று கத்தினாள். கழிக்க வந்திருந்த பெண்களெல்லாம் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்டப் போனார்.

நான் பின்னாலேயே போனேன். "ஏண்ணே அப்பிடிச் சொன்னீக?" என்றேன்.

அவர் குழியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "செவலைப் பசு இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்கிது டாக்டரம்மா. போன ஈத்துல கன்னு குறுக்க கெடந்தப்ப நீங்கதான கையை விட்டு எடுத்தீக? அவ மனு கினுன்னு எழுதி உங்களை வேற ஊருக்கு மாத்திட்டாக்க, இங்கன ஆரு வருவா? ஊர்ல எத்தனை மாடு கெடக்கு." பிறகு நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "பிள்ளை கோவம் நாலு நாள்ல போயிரும்."

போகவில்லை.

செவலைப் பசு மூன்றாம் நாள் ஈன்றது. நான் போனேன். வெந்நீர் வைத்துக் கொடுத்தார், கயிற்றைப் பிடித்தார். கன்று நல்லபடியாக வெளியே வந்தது. நான் கை கழுவிக்கொண்டே காத்திருந்தேன். ஏதாவது கேட்பார் என்று. நஞ்சுக்கொடியை மாடு ஏன் தின்னப் பார்க்கிறது என்று அதற்கு முந்தின ஈற்றில் கேட்டவர் அவர். அன்றைக்கு வாயே திறக்கவில்லை.

"என்னண்ணே, இன்னைக்கு ஒண்ணும் கேக்கலையா?" என்று நானாகவே சீண்டினேன்.

"என்னத்தக் கேக்க? நீங்க பாத்தாச் சரி" என்றார். வெடுக்கென்று சொல்லவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். அதுதான் சுட்டது.

அதன்பிறகு நான் அங்கே இருந்த வருடமெல்லாம் அவர் மாட்டைக் கூட்டி வந்தார். மருந்தை வாங்கிக்கொண்டார். "சரிங்க" என்றார். அவ்வளவுதான். வரிசையில் அவர் தலை தெரிந்ததும் என் காது தன்னால் தீட்டிக்கொள்ளும். "ஏன் டாக்டரம்மா" என்று ஒரு முறை, ஒரே ஒரு முறை வந்துவிடாதா என்று ஏங்கியிருக்கிறேன். முட்டாள்தனமான கேள்வியாக இருந்தாலும் பரவாயில்லை, கோழிக்குப் பல் ஏன் இல்லை என்று கேட்டாலும் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பதில் சொல்லியிருப்பேன். வீட்டில் சமைக்கும்போது அவருடைய பழைய கேள்விகளுக்கு நானே வாய்விட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யார்கிட்டப் பேசுற?" என்பார். என்னவென்று சொல்வது?

இதற்கு நடுவில் என் வேலை முறை மாறிப்போனது. ஊசியைத் தொடுவதற்கு முன்னால், யார் வந்தாலும், "உங்களுக்கு என்னன்னு தோணுது?" என்று கேட்கப் பழகினேன். முதலில் ஊரே என்னை ஒரு மாதிரி பார்த்தது. "டாக்டரம்மாவுக்கே தெரியலை போல, நம்மளக் கேக்குறாக" என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். சொல்லட்டும் என்று விட்டேன். பின்னால் சுருளிப்பட்டிப் பக்கம் மாறிப் போனபோது, வயிறு உப்பி விழுந்து கிடந்த ஆட்டைக் கொண்டுவந்த ஒரு பெண், நான் கேட்ட பிறகுதான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சொன்னா வைவீகளோன்னு இருந்தேன். வயலுக்கு யூரியா கரைச்சு வச்ச வாளியில வாயை வச்சுருச்சு." சாதாரண வயிற்று உப்புசம் என்று நினைத்து மருந்து ஊற்றியிருந்தால் அந்த ஆடு என் கையிலேயே போயிருக்கும். பிழைத்தது. ஊர் கைராசி என்றது. பார்த்தீர்களா, நீங்கள் கேட்ட ரகசியம் இவ்வளவுதான்.

இன்றைக்கு உங்கள் பாடு எனக்குப் புரிகிறது. பூனை தும்மினால் வீடியோ எடுத்து அனுப்புகிறார்கள். நீங்கள் மருந்து எழுதுவதற்குள் அதை நெட்டில் தேடி, "இதுல சைடு எஃபெக்ட் இருக்காமே" என்கிறார்கள். எஸ்டேட் ஜீப்பில் நாயைத் தூக்கி வந்து, மனுச ஆஸ்பத்திரியில் உள்ள வசதியெல்லாம் எங்கே என்று சண்டை பிடிக்கிறார்கள். பிழைக்காவிட்டால் கேஸ் போடுவேன் என்று முதல் பேச்சிலேயே சொல்கிறவர்களும் உண்டு. கோபம் வரும். எனக்கும் வந்தது, அதனால்தான் சொல்கிறேன். கேட்கிறவர் உங்களைச் சோதிக்கிறார் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். நாய் பேசாது, அதற்காக அவர் பேசுகிறார். அவரை வாயடைத்தால் நாயின் வாயை அடைத்த மாதிரி.

சரி, கதையை முடிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பணி ஓய்வு பெற்றேன். விழா வைத்தார்கள். மாலை, சால்வை, குத்துவிளக்கு எல்லாம் உண்டு. பேசிய அதிகாரி ஒருவர், "இத்தனை வருடப் பணியில் அம்மா மேல் ஒரு புகார் மனுகூட வந்ததில்லை" என்றார். பலத்த கைதட்டல். எனக்குச் சால்வைக்குள் வியர்த்துக் கொட்டியது. ஏன் வரவில்லை என்று அந்த மண்டபத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த மனு வராமல் இருக்க ஒரு மனிதர் தன் பெண்ணின் பாசத்தைப் பறிகொடுத்திருந்தார்.

நாய் செத்து அப்போது எட்டு வருடம் ஆகியிருந்தது. கார்த்திகா கல்யாணமாகித் தேனியில் இருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்த வாரமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவளுக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. அவள் காலுக்குப் பின்னாலிருந்து ஒரு கறுப்பு நாட்டு நாய் எட்டிப் பார்த்தது. சுண்டல் என்று பெயராம். தெருவில் எடுத்த குட்டி.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். உங்கள் அப்பா கேட்டார். முதல் நாளே கேட்டார். நான்தான் எல்லாரும் பார்க்கச் சிரித்தேன். போடக் கூடாத ஊசியைப் போட்டேன். உங்கள் அப்பா மறக்கவில்லை.

அடுப்பில் ஏதோ தீய்ந்தது. அவள் கணவர் வந்து அதை அணைத்துவிட்டுப் போனார்.

"எட்டு வருசம் மேடம்," என்றாள் கடைசியில். "எங்கப்பா இந்த வீட்டுக்கு வந்தா கையைக் கட்டிக்கிட்டுத்தான் உக்காருவாரு. சுண்டல் போய் அவரு மடியில தலையை வைக்கும். அப்பவும் கையை எடுக்க மாட்டாரு. சாப்பிடும்போது பக்கத்துல வந்தா எந்திரிச்சுப் போயிருவாரு. 'நான் ஒண்ணும் குடுக்கலத்தா, குடுக்கலத்தா'ன்னு என்கிட்டச் சொல்லிக்கிட்டே போவாரு. எனக்கும்..." அவள் குனிந்து சுண்டலின் தலையைத் தடவினாள். "எனக்கும் அது நல்லா வேணும்னுதான் இருந்துச்சு."

நான் அழுதேன். என்னை மன்னித்துவிடு என்று கேட்டேன்.

"அதை நான் அப்பறம் பாத்துக்கிறேன்," என்று எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு கார்ச் சாவியை எடுத்தாள். "இப்ப வந்து வண்டியில ஏறுங்க. சுண்டல், வா!"

சின்னமனூர் தாண்டிப் பந்தல்கள் தெரிய ஆரம்பித்ததும், பின்சீட்டில் நாய் ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டது.

அவர் பந்தலுக்குக் கீழேதான் இருந்தார். நன்றாக வயதாகிவிட்டது. தோட்டத்தில் ஆட்களுக்கு டீ வந்திருந்தது. கையில் டம்ளரும், கடைக்காரர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்த ஒரு பன்னும். மகளைப் பார்த்து எழுந்தவர், பின்னால் என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏப்பா," என்றாள் கார்த்திகா. "நீ சொன்னியாமே."

அவருக்குப் புரிந்துவிட்டது. மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என் மேல்தான் பாய்ந்தார். "எதுக்கு இப்பப் போய் அவகிட்டச் சொன்னீக? அன்னிக்கே முடிஞ்சு போனது. இப்ப அதைக் கெளப்பி, பிள்ளை மனசைப் போட்டு..." எட்டு வருடத்தில் அவர் என்னைத் திட்டியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்!

கார்த்திகா போய் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டம்ளரில் இருந்த டீ அவர் வேட்டியில் சிந்தியது. "சரித்தா, சரித்தா, ஆரும் பாக்கப் போறாக" என்று அவளைத் தட்டிக்கொடுத்தார்.

இந்தக் களேபரத்தில் சுண்டல் வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டது. கண் பன்னிலேயே இருந்தது. வழக்கப்படி அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். மகள் அதைப் பார்த்தாள். அவர் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து விட்டாள்.

அவர் பன்னைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏன் டாக்டரம்மா," என்றார். "இதைப் போடலாமா?"

எனக்குப் பதில் தெரியும். வெறும் பன், ஒன்றும் ஆகாது. ஆனாலும் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். அவர் கையிலிருந்து பன்னை வாங்கி, உள்ளே உலர் திராட்சை வைத்திருக்கிறதா என்று பிய்த்துப் பார்த்தேன். இல்லை. இன்னொரு பாதியையும் பிய்த்துப் பார்த்தேன்.

"ஒரு துண்டு போடலாம்ணே," என்று அவர் கையில் கொடுத்தேன்.